தொழிலறிந்து சொல் தேரும் மென்பொருள்: தம்பலகாமத்து வயலிலிருந்து சில கேள்விகள்

கிழக்கிலங்கையில், கந்தளாய்க் குளத்து நீரை நம்பிப் பயிர் செய்யும் தம்பலகாமத்தில், போகம் தொடங்குமுன் ஆரம்பக் கூட்டம் கூடுவது வழக்கம். விதைப்பை எந்தத் திகதிக்குள் முடிப்பது, வாய்க்காலில் தண்ணீர் எப்போது விடுவது, எந்த வயது நெல்லைப் போடுவது, மாடுகளை எப்போது வயலைவிட்டு அப்புறப்படுத்துவது என்பனவெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறியியலாளர் குளத்திலுள்ள நீரை ஏக்கர் அடியில் சொல்வார். விவசாயப் போதனாசிரியர் நெல்லினத்தின் இலக்கத்தைச் சொல்வார். கமநல சேவை நிலைய உத்தியோகத்தர் பசளை மானியத்துக்குரிய படிவத்தின் பெயரைச் சொல்வார். எதிரே இருக்கும் கமக்காரருக்குத் தெரியவேண்டியது வேறு: கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேருமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், கதிர் பால் பிடிக்கும் காலத்தில் அது நின்றுபோகுமா?

ஒரே கூட்டத்தில் நான்கு தொழில்களின் பேச்சு இப்படிக் கலக்கிறது. அவற்றுக்கு நடுவே நின்று பொருளை மாற்றிச் சொல்லும் வேலையை நீண்டகாலம் செய்துவந்தவர் வட்டவிதானை. சட்டத்தில் அந்தப் பதவி மாறிவிட்டது. கமக்காரர் அமைப்புகள் வந்துவிட்டன. ஆனாலும் கிழக்கில் அந்தப் பெயர் இன்னும் வழங்குகிறது, அந்த வேலையும் நடக்கிறது. ஏக்கர் அடிக் கணக்கைக் கேட்டு, "அப்ப நம்மட வெளிக்கு மூண்டரை மாத நெல்லுத்தான் சரிவரும்" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லும் மனிதர் அந்த வேலையைத்தான் செய்கிறார்.

கேட்பவரின் தொழில் எதுவென்று பார்த்து அதற்கேற்பச் சொல்லைத் தேர்ந்து தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் இன்று உலகச் சந்தையில் இருக்கின்றன. அவை தமிழுக்கும், கைத்தொலைபேசி வழியாக வயலுக்கும் வரப்போவது உறுதி. வருமுன் அவை எங்கே பிறந்தன, எதைக் கொண்டு கற்றன, எதை வெற்றி என்று எண்ணுகின்றன என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். கேட்பவரைக் கவரும் சொல்லைத் தேடும் மென்பொருளும், கேட்பவர் பிழையில்லாமல் செயற்பட உதவும் சொல்லைத் தேடும் மென்பொருளும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். வயலுக்கு வேண்டியது இரண்டாவது. ஆனால் சந்தையில் பணம் குவிந்திருப்பது முதலாவதில்.

முதலாவதிலிருந்தே தொடங்குவோம். 2014இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் கீரன் ஸ்னைடர், ஜென்சன் ஹாரிஸ் ஆகிய இருவர் டெக்ஸ்டியோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். ஸ்னைடர் மொழியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அதே ஆண்டில் அவர் தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை செய்வோரிடமிருந்து 248 பணி மதிப்பீடுகளைத் திரட்டி, ஆண்களைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் மேலாளர்கள் எழுதும் சொற்களை ஒப்பிட்டுப் பார்த்தார். முரட்டுச் சுபாவம் என்ற பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல் 13 பெண்களைப் பற்றி 17 தடவை எழுதப்பட்டிருந்தது. ஆண்களின் மதிப்பீடுகளில் அது ஒருமுறைகூட வரவில்லை. எழுதியவர்கள் தாம் செய்வதை அறியாமலே எழுதியிருக்கக்கூடும். அந்த அறியாமையைத் திரையில் காட்டிக்கொடுப்பதுதான் டெக்ஸ்டியோவின் வேலை. நிறுவனம் ஒன்று வேலை விளம்பரத்தைத் தட்டச்சு செய்யும்போதே சொற்களுக்கு நிறம் ஏறும். நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி விழும். விளம்பரத்தின் தொனி ஆண்பக்கம் சாய்கிறதா பெண்பக்கம் சாய்கிறதா என்று ஒரு கோடு காட்டும். பொறியியலாளருக்கு எழுதும்போது ஒரு சொல், விற்பனையாளருக்கு எழுதும்போது வேறு சொல்.

இந்தக் கணிப்புக்கு இலக்கண விதி எதுவும் அடிப்படையில்லை. முன்னர் வெளியான ஏராளமான வேலை விளம்பரங்களையும், அவற்றுக்கு யார் விண்ணப்பித்தார்கள், இடம் எவ்வளவு விரைவாக நிரம்பியது என்ற பதிவுகளையும் ஒன்றாக வைத்து, எந்தச் சொல்லோடு எந்த விளைவு சேர்ந்து வருகிறது என்று இயந்திரம் எண்ணுகிறது. சொல்லும் வேண்டும், அந்தச் சொல்லால் நேர்ந்ததன் பதிவும் வேண்டும். இந்த இரண்டாவது தேவையை மறந்துவிடக்கூடாது. தம்பலகாமத்தில் இல்லாதது அதுதான்.

இத்தகைய மென்பொருளுக்கு ஆய்வுலகில் பெரிய துணையாக நின்றது 2011இல் டானியெல் கோஷே, ஜஸ்டின் ஃப்ரீசன், ஏரன் கே ஆகியோர் வெளியிட்ட கட்டுரை. தலைமை, போட்டி, ஆதிக்கம் போன்ற சாயலுள்ள சொற்கள் நிறைந்த விளம்பரம் பெண்களைக் குறைவாகவே ஈர்த்தது என்று அவர்கள் காட்டினர். அந்த வேலைக்குத் தமக்குத் திறமை இல்லை என்று பெண்கள் எண்ணியது இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. அங்கே தம்மைப்போன்றோருக்கு இடமிருக்காது என்ற உணர்வே காரணமாயிற்று. முக்கியமான கண்டுபிடிப்புத்தான். ஆனால் 2023இல் எமிலியோ கஸ்டியா, ஹை ஜின் ரோ ஆகியோர் இணைய ஆட்சேர்ப்புத் தளத்தின் உண்மையான தரவுகளையும் களப் பரிசோதனையையும் கொண்டு ஆராய்ந்தபோது, விளம்பரச் சொற்களை மாற்றுவதால் விண்ணப்பிப்போரில் ஏற்படும் மாற்றம் நடைமுறையில் மிகச் சிறியது என்று கண்டனர். ஆய்வுகூடத்தில் துலக்கமாகத் தெரிந்த விளைவு, மனிதர் உண்மையில் வேலை தேடும் இடத்தில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இத்தனைக்கும் இது ஆங்கிலத்தில், தரவு மலைபோல் குவிந்துள்ள துறையில் நடந்தது.

விற்பனைத் துறையில் இதே வித்தை இன்னும் கூர்மையானது. பெர்சாடோ என்ற நிறுவனம் சொற்களையும் தொடர்களையும் அவை எழுப்பும் உணர்ச்சியின்படி வகைப்படுத்தி வைத்திருக்கிறது: அவசரம், பெருமை, பயம், நன்றி என்று. 2019இல் ஜேபி மோர்கன் சேஸ் வங்கி அதனோடு 5 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. கடன், கடனட்டை விளம்பரங்களை மென்பொருள் எழுதியபோது அதிகம் பேர் அழுத்திப் பார்த்தார்கள் என்பதே அதற்கான நியாயம். அழுத்திப் பார்த்தவர் அந்தக் கடனின் நிபந்தனைகளை விளங்கிக்கொண்டாரா என்பது அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

இன்னொரு மரபு இதற்கு முற்றிலும் வேறானது, அதிகம் பேசப்படாதது. 1970களின் இறுதியில் ஐரோப்பிய விமானச் சேவை நிறுவனங்கள், விமானப் பராமரிப்புக் கைந்நூல்களின் ஆங்கிலத்தை எளிமையாக்கித் தரும்படி உற்பத்தியாளர்களைக் கேட்டன. ஆங்கிலம் தாய்மொழியல்லாத இயந்திரவினைஞர்கள் அந்த நூல்களைப் படித்து வேலை செய்தார்கள். ஒரு வாக்கியத்தைத் தவறாக விளங்கிக்கொண்டால் விமானம் விழக்கூடும். அதன் பயனாக 1986இல் எளிய தொழில்நுட்ப ஆங்கிலத்துக்கான முதல் வழிகாட்டி வந்தது. அனுமதிக்கப்பட்ட சில நூறு சொற்கள், ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், ஒரு வாக்கியத்தில் ஒரே கட்டளை. அதன்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்கும் மென்பொருளைப் போயிங் நிறுவனம் உருவாக்கியது. அதுவும் ஒரு தொழிலாளர் கூட்டத்துக்கென்றே சொல் தேர்ந்து தரும் மென்பொருள்தான். ஆனால் அங்கே எவரும் இயந்திரவினைஞரைக் கவர முயலவில்லை. அவர் திருகாணியைச் சரியான பக்கம் திருப்பினாரா என்பதே கேள்வி. என் பார்வையில் தமிழ்க் கமக்காரருக்கென்று எழுதப்படும் எந்த மென்பொருளும் இந்த மரபில்தான் வரவேண்டும்.

இலங்கையில் இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். அங்கே பதில் சொல்வது மனிதர். 2015இல் டயலொக் நிறுவனம் திணைக்களத்தின் உள்ளடக்கத்தைக் கொண்டு சிங்களத்தில் 'கொவி மிதுரு' என்றும் தமிழில் 'உழவர் தோழன்' என்றும் ஒரு சேவையைத் தொடங்கியது. கமக்காரர் தம் பயிரையும் இடத்தையும் பயிரிட்ட காலத்தையும் பதிந்துகொண்டால், பயிரின் வளர்ச்சிக் கட்டத்துக்கு ஏற்ற குரல் செய்தி அவருக்கு வரும். எழுத்தாக அனுப்பாமல் குரலாக அனுப்பியது நல்ல முடிவு. உச்சிவெயிலில் வரம்பில் நிற்பவருக்குச் சிறிய திரையில் எழுத்து வாசிப்பது சிரமம். காலமறிந்து சொல்வது தொழிலறிந்து சொல்வதன் பெரும்பங்கு என்பதையும் அந்தச் சேவை விளங்கிக்கொண்டிருந்தது.

கல்வித்துறையிலும் ஒரு முயற்சி நடந்தது. அனுஷா வலிசதீர, அத்துல கினிகே, கிஹான் விக்கிரமநாயக்க ஆகியோர் இலங்கைக் கமக்காரரின் தேவையை மையமாக வைத்து வேளாண் அறிவை ஒழுங்குபடுத்தும் ஒரு கருத்துவலையை உருவாக்கி 2015இல் வெளியிட்டனர். பொதுவான வேளாண் அறிவு கமக்காரருக்கு உதவுவதில்லை, அவருடைய நிலம், பருவம், நீர்வசதி, விருப்பம் ஆகியவற்றோடு பொருத்தித் தரவேண்டும் என்பதே அதன் அடிப்படை. தகவலைக் கேட்பவருக்கு ஏற்பத் தெரிவது அதில் கைகூடியது. சொல்லைக் கேட்பவருக்கு ஏற்பத் தெரிவது அடுத்த படி; தமிழில் அந்தப் படி இன்னும் ஏறப்படவில்லை.

ஏன் அது கடினமென்பதற்கு நெல்லைத் தாக்கும் ஒரு சிறு பூச்சியே போதும். விஞ்ஞானிகள் அதை நிலபார்வதா லூகென்ஸ் என்பர். இலங்கை விவசாயத் திணைக்களத்தின் தமிழில் அது கபிலநிறத் தத்தி. தமிழ்நாட்டு வேளாண் நூல்களிலும் விவசாயிகள் பேச்சிலும் புகையான். கிழக்கிலங்கைக் கமக்காரர் அறக்கொட்டியான் என்பர். இது தண்ணீருக்குச் சற்று மேலே, பயிரின் அடித்தண்டில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. தெரியும்போது வயலில் வட்டவட்டமாகப் பயிர் கருகியிருக்கும். யூரியாவை அளவுக்கு மிஞ்சிப் போட்ட வயலில் பெருகும். கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் அதைத் தின்னும் சிலந்திகள் செத்து, தத்தி முன்னிலும் அதிகமாகும். ஆகவே "கபிலநிறத் தத்தி தென்பட்டால் ஆலோசனை பெறுக" என்ற செய்தி, அந்தப் பெயரை அறியாத கமக்காரருக்கு வெறும் ஒலி. "புகையான்" என்று வந்தால் அவர் புகையையோ பனியையோ நினைக்கலாம். "அறக்கொட்டியான்" என்று வந்தாலும் வேலை முடியவில்லை. குனிந்து, பயிரை விலக்கி, அடித்தண்டைப் பார்க்கும்படி சொன்னால்தான் செய்தி செய்தியாகும். பெயரை மட்டும் மாற்றிப்போட்டுவிட்டு 'உள்ளூர்மயமாக்கிவிட்டோம்' என்று அறிவிக்கும் மென்பொருள் கால்வாசி வேலையைக்கூடச் செய்திருக்காது.

இன்றைய மொழி மாதிரிகள் இணையத்திலுள்ள தமிழிலிருந்தே கற்கின்றன. அந்தத் தமிழின் மிகப்பெரும் பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. 'நெல் விவசாயிக்கு ஏற்றபடி எழுது' என்று கேட்டால் அத்தகைய மாதிரி காவிரிப் படுகையின் விவசாயியை மனத்தில் வைத்து எழுதும்: குறுவை, சம்பா, தாளடி என்று பருவம் பிரிக்கும். தம்பலகாமத்தில் பருவம் இரண்டு, பெரும்போகமும் சிறுபோகமும். சம்பா என்றால் அங்கே பருவமே அல்ல, அரிசியின் வகை. கீரிச்சம்பா கடையில் கிலோக் கணக்கில் விற்கும் பொருள். அடியுரம், மேலுரம் என்று அது எழுதும். இங்கே அடிக்கட்டுப் பசளை, மேற்கட்டுப் பசளை. நைட்ரஜன் என்று எழுதும். இலங்கையில் பள்ளிக்கூடம் போனவருக்கு அது நைதரசன். நெல்லினத்துக்கும் இதுவே கதி. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தின் நெல்லினங்களுக்கு பிஜி 300, பிஜி 352, பிஜி 403 என்று பெயர். 300 மூன்று மாதம், 352 மூன்றரை மாதம், 403 நான்கு மாதம் என்று கமக்காரர் இலக்கத்திலிருந்தே வயதை வாசித்துவிடுவார். தமிழ்நாட்டு நெல்லின் பெயரைச் சொன்னால் அந்த வாசிப்பு நின்றுபோகும்.

இவையெல்லாம் சொல்லளவில் நிற்கும் பிழைகள், திருத்திவிடலாம். பெரிய ஆபத்து சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. எந்த மருந்துக்கு எந்த நாட்டில் அனுமதி என்பது வேறுபடும். 2015இல் இலங்கை கிளைபொசேட் களைநாசினிக்குத் தடை விதித்தது. பின்னர் படிப்படியாகத் தளர்த்தியது. அந்த ஆண்டுகளில் எல்லைக்கு அப்பாலுள்ள தமிழ்க் கட்டுரையொன்றிலிருந்து கற்ற இயந்திரம், தம்பலகாமத்துப் பேச்சுநடையில், அறிமுகமான குரலில் அதைப் பரிந்துரைத்திருந்தால்? அந்நியமான மொழியில் வரும் ஆலோசனையைக் கமக்காரர் சந்தேகத்தோடு கேட்பார். பக்கத்து வயல்காரரிடம் விசாரிப்பார். சொந்தப் பேச்சில் வரும்போது அந்தத் தயக்கம் கரைந்துவிடும். உள்ளடக்கத்தைச் சரிபார்க்காமல் சொல்லை மட்டும் பொருத்தமாக்குவது தீங்கை விரைவுபடுத்தும் வேலை.

2021ஐ இங்கே நினைக்காமல் இருக்கமுடியாது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது; சேதனப் பசளையே நாட்டின் வழி என்று அறிவித்தார்கள். நவம்பரில் தடையை விலக்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. அரிசியில் தன்னிறைவுக்கு அருகே நின்ற நாடு அரிசியை இறக்குமதி செய்தது. மண்வளம், நஞ்சில்லா உணவு, வருங்காலச் சந்ததி என்ற சொற்களெல்லாம் நல்ல சொற்கள். கமக்காரரின் நெஞ்சைத் தொடும் சொற்கள். போதிய சேதனப் பசளை கையில் இருக்கிறதா, ஒரு ஏக்கருக்கு எவ்வளவு வேண்டும், எப்போது வந்துசேரும் என்ற கேள்விகளுக்கு அவற்றில் பதில் இருக்கவில்லை. இத்தகைய அறிவிப்பை ஒவ்வொரு கமக்காரருக்கும் தனித்தனியே, அவரவர் பேச்சில், அவரவர் அச்சத்துக்கு ஏற்றபடி எழுதித்தரும் இயந்திரம் அன்று அரசின் கையில் இருந்திருந்தால் அந்தக் கேள்விகள் இன்னும் தாமதமாகவே எழுந்திருக்கும்.

தொழிலுக்குரிய சொல் வெறும் தரவும் அன்று. தமிழ் இலக்கணம் இதை நெடுங்காலம் முன்பே கவனித்திருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாகக் குழூஉக்குறியை வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதை உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவர். ஒரு கூட்டத்தார் வெளியாருக்கு விளங்கக்கூடாதென்றே வைத்துக்கொள்ளும் சொல் அது. கிழக்கிலங்கைக் களவெட்டியிலும் அப்படியொரு பேச்சு இருந்தது. சூடு மிதிக்கும் இரவில் நெற்குவியல் பொலி எனப்பட்டது; குறைவைக் குறிக்கும் சொற்களை நாவில் எடுக்கமாட்டார்கள்; பொலிப்பாட்டு எழும். சிங்களக் கமக்காரரின் களத்திலும் இதற்கு நிகரான தனிப்பேச்சு உண்டு. அறுவடை இயந்திரம் வந்தபின் களவெட்டியோடு அந்தச் சொற்களும் ஒதுங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பதிவுசெய்வது நல்லது. ஆனால் பதிவுசெய்த சொற்கள் யாரிடம் இருக்கும்? பூச்சிமருந்து விற்கும் நிறுவனமொன்று அவற்றைப் பெர்சாடோ பாணியில் வகைப்படுத்தி, வட்டவிதானையின் குரலில் விளம்பரம் செய்ய அனுமதிக்கலாமா? ஒரு கூட்டத்தாரின் உட்பேச்சைக் கற்றுக்கொண்டு அவர்களிடமே விற்பது நம்பிக்கைத் துரோகத்துக்கு மிக அருகில் நிற்கும் செயல் என்றே நான் கருதுகிறேன். பேச்சைத் தந்த கமக்காரர் அமைப்பின் எழுத்துமூல இணக்கம் இல்லாமல் அந்தத் தரவு வணிகத்துக்குப் போகக்கூடாது.

அளவுகோலும் மாறவேண்டும். வேலை விளம்பரத்துக்கு விண்ணப்பங்களின் எண்ணிக்கை. வங்கி விளம்பரத்துக்கு அழுத்திப் பார்த்தவர் எண்ணிக்கை. வயலுக்கு அனுப்பிய குரல் செய்தியை எத்தனைபேர் இறுதிவரை கேட்டார்கள் என்பதை மட்டும் எண்ணினால், மென்பொருள் மெல்லமெல்ல இனிய குரலையும் நல்ல செய்தியையும் நோக்கி நகரும். "இந்தப் போகம் தண்ணீர் போதாது, பாதி வயலை விட்டுவிடுங்கள்" என்பதைச் சொல்லவேமாட்டாது. மருத்துவத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மருந்து உட்கொள்ளும் முறையைச் சொன்ன பிறகு, நோயாளியை அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்வார்கள். அதையே இங்கும் செய்யலாம். செய்தியைக் கேட்ட கமக்காரரிடம் "நாளை காலை வயலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலைப் பதிந்துகொள்வது. பதில் பிழையானால் பிழை செய்தியினுடையது. இப்படிச் சேரும் பதில்கள்தான் நாம் முன்னர் பார்த்த, சொல்லால் நேர்ந்ததன் பதிவு. சில நூறு பதில்கள்கூட, எங்கிருந்தோ திரட்டிய இலட்சக்கணக்கான பக்கங்களைவிடப் பெறுமதியானவை.

இதைத் தொடங்குவதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. திருகோணமலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. கணினி விஞ்ஞானமும் தொடர்பாடலும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. இரண்டு துறை மாணவரும் சேர்ந்து, கூடியிருப்போரின் சம்மதத்தோடு ஆரம்பக் கூட்டங்களை ஒலிப்பதிவு செய்யலாம். உத்தியோகத்தர் சொன்ன வாக்கியமும், கமக்காரர் அதை விளங்கிக்கொண்ட வாக்கியமும் சோடி சோடியாகக் கிடைக்கும் இடம் அதைவிட வேறில்லை. கூட்டத்தில் பேசுவோர் பெரும்பாலும் ஆண்கள் என்பதால், களை பிடுங்கும் பெண்களிடம் தனியே போகவேண்டும். களையின் பெயரும் அது முளைக்கும் காலமும் அவர்களுக்குத் தெரிந்த அளவு கூட்டத்தில் பேசுவோருக்குத் தெரியாது. முள்ளிப்பொத்தானையிலும் கிண்ணியாவிலும் முஸ்லிம் கமக்காரரின் தமிழ் தனியே கேட்கப்படவேண்டும். கந்தளாயில் அதே குளத்து நீரைப் பாய்ச்சும் சிங்களக் கமக்காரருக்குப் போகும் செய்தியில் திகதியும் அளவும் தமிழ்ச் செய்தியோடு எள்ளளவும் பிசகக்கூடாது. நீரைப் பற்றிய அறிவிப்பு அந்தப் பகுதியில் எவ்வளவு பாரமானது என்பதை, 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளத்து அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு செய்தியும் யாருடைய பொறுப்பில் வருகிறது என்பது அந்தச் செய்தியிலேயே இருக்கவேண்டும்: சொல்லை மென்பொருள் தேர்ந்தது, உள்ளடக்கத்தைச் சரிபார்த்தவர் இன்ன பிரிவின் விவசாயப் போதனாசிரியர், சந்தேகமிருந்தால் அழைக்கவேண்டிய இலக்கம் இது என்று. ஆரம்பக் கூட்டத்தில் பொறியியலாளர் சொன்ன திகதி பிழைத்தால், அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அவரைக் கேட்கக் கமக்காரருக்கு முடியும். கைத்தொலைபேசியில் வரும் குரலையும் அப்படிக் கேட்பதற்கு ஒரு மனிதர் இருக்கிறாரா என்பதைப் பார்த்தே, எந்த மென்பொருளை வயலுக்குள் விடுவது என்று கமக்காரர் அமைப்புகள் முடிவெடுக்கலாம்.